மொய்க்கு மொய்

“அருமை. த.ம. 7.”

2010-ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ் வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில் இப்படியொரு வரி அடிக்கடி கிடக்கும். புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. தமிழ்மணம் திரட்டியில் உங்கள் இடுகைக்கு ஏழாவது ஓட்டை நான் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். சொல்லாமல் விட்ட மறுபாதி: நம்ம பக்கமும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மேலே ஒருவர் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியிருப்பார். கீழே “அருமை, த.ம. 4” என்று இருக்கும். இதை நாங்களே ‘மொய்’ என்று சொல்லிக் கிண்டலடித்துக்கொண்டோம்.

ஆனால் மொய் அவ்வளவு கேவலமான விஷயம் இல்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்பது கையில் காசில்லாதவனின் வங்கி. நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும். அங்கே யாரும் பாசத்துக்காக வந்ததாக நடிப்பதில்லை. காசில்லாத வலைப்பதிவர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே முதல் வாசகர்கள்தான். அதையே கைமாற்றிக்கொண்டார்கள்.

இந்த யோசனை நம் ஊரில் பிறந்ததும் இல்லை. 1996-இல் அமெரிக்காவில் லிங்க் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. உங்கள் தளத்தில் மற்றவர்களின் விளம்பரப் பட்டையை இரண்டு முறை காட்டினால், உங்களுடையது வேறெங்கோ ஒரு முறை காட்டப்படும். மிச்சமிருக்கும் இன்னொரு முறை? அதை நிறுவனம் காசுக்கு விற்றது. சின்னச் சின்னத் தளங்களின் மொய்ப்பணத்தில் பாதி, நோட்டு எழுதியவரின் பைக்குப் போனது. 1998-இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது.

அடுத்த பத்தாண்டில் என்ட்ரிகார்ட் வந்தது. 125 பிக்சலில் ஒரு சதுரம். அடுத்தவர் பதிவுக்குப் போய் அதை அழுத்தினால் உங்கள் கணக்கில் புள்ளி ஏறும், அந்தப் புள்ளிகளைக் கொடுத்து விளம்பர இடம் வாங்கலாம். வீடு வீடாக நோட்டீஸ் போடுகிற பையனைப் போல ஆட்கள் ஒவ்வொரு பதிவாகப் போய் அழுத்திவிட்டு ஓடினார்கள். எல்லாருக்கும் கூட்டம் கூடியது. படித்தவர்தான் குறைவு.

இந்த முறையில் எனக்கு உறுத்துவது பொய்ப் பாராட்டுகூட இல்லை. மாற்றிக்கொள்ள எதுவும் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்பதுதான். வாசகரே இல்லாதவன் யாருக்கு என்ன மொய் வைப்பான்?

நான் அப்படித்தான் இருந்தேன். பன்னிரண்டு இடுகைகள். வருகைக் கணக்கில் ஏறியதில் பாதி நானே திறந்து பார்த்தது. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவரின் பின்னூட்டம்: “உங்களை இன்று வலைச்சரத்தில் அறிமுகப்படுத்தியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள்.”

வலைச்சரம் பற்றி இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு பதிவர் அதன் ஆசிரியர். அந்த ஏழு நாளும் அவர் மற்றவர்களின் இடுகைகளைத்தான் அறிமுகம் செய்ய வேண்டும். சில வாரங்கள் வெறும் சுட்டிப் பட்டியலாகவே போகும். ஆனால் இவர் என் ரேஷன் கடை இடுகைக்கு இரண்டு வரி எழுதியிருந்தார். மண்ணெண்ணெய் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் நிழலுக்குப் போகிற இடம் தனக்குப் பிடித்ததாக. அது கடைசிக்கு முந்தின பத்தி. கடைசி வரை போயிருக்கிறார்! அன்று நாற்பது பேர் வந்தார்கள். அவருக்குத் திருப்பிச் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை, அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று தமிழ்ப் பதிவில் காசும் கிடையாது. கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை முறையாக ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் பதிவர்களில் பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். காசு இல்லாததால்தான் அந்த அன்பு இருந்தது என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காசையும் மரியாதையாக வைத்துக்கொள்ள முடியும். 2006-இல் சிகாகோவிலிருந்து ஜிம் கூடால் தொடங்கிய ‘தி டெக்’ ஒரு விளம்பர வலையமைப்புதான். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சின்ன விளம்பரம். தாங்கள் பயன்படுத்திப் பார்த்த பொருளுக்கு மட்டுமே இடம். அதில் சேர்ந்திருந்த தனிப் பதிவர்களுக்கு வருமானம் வந்தது. 2017-இல் மூடிவிட்டார்கள். விளம்பரக் காசு சமூக ஊடகங்களின் பக்கம் போய்விட்டது. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. வலைச்சரத்துக்கும் தி டெக்குக்கும் பொதுவாக நான் பார்ப்பது ஒன்றுதான்: கைகாட்டுகிறவர் முதலில் தான் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மொய் நோட்டு மின்னஞ்சல் இதழ்களுக்கு வந்திருக்கிறது. சப்ஸ்டாக் 2022-இலேயே பரிந்துரைக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. போன மாதம் ஒரு நண்பன் கேட்டான்.

“நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?”

“என்னோடதுல எதைடா படிச்ச?”

இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், “சத்தியமா ஒண்ணும் படிக்கலடா. நேரமே இல்ல” என்று அனுப்பினான்.

கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. ஆனால் அவன் எழுதியதை நான் படித்திருந்தேன். தறிப்பட்டறை பற்றிய கட்டுரை நிஜமாகவே நன்றாக இருந்தது. அதனால் அவனைப் பரிந்துரைத்தேன், எந்தப் பத்தி பிடித்தது என்று இரண்டு வரியும் சேர்த்து. என்னைப் போட வேண்டாம், படித்த பிறகு தோன்றினால் போடு என்றேன். இன்னும் போடவில்லை. என் பட்டியலில் நானூறு பேர்கூட இல்லை. நஷ்டம்தான்.

அந்தக் காலத்து அறிமுக இடுகைகளை எப்போதாவது திறந்து பார்ப்பேன். சுட்டிகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. என் ரேஷன் கடை இடுகையும் இப்போது இல்லை, அந்தப் பதிவையே அழித்துவிட்டேன். அதைப் பற்றி ஒருவர் எழுதிய இரண்டு வரி மட்டும் இருக்கிறது. அதைப் படித்துத்தான், கேன்களை அப்படி வரிசையில் வைப்பார்கள் என்பது எனக்கே ஞாபகம் வந்தது.