வளைந்த கழுத்தும் பழைய விசிட்டிங் கார்டும்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பின்னரும் ஒரு பழக்கம் போவதில்லை. எங்கேனும் ஒரு தவறு கண்ணில் பட்டால் கை உடனே பேனாவைத் தேடும். 2024 நவம்பரில் அப்படித்தான் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முகவரியிட்ட அக்கடிதம் அனுப்பப்படவேயில்லை. ஏன் என்பதைத்தான் இன்று எழுத வந்தேன்.

என் இளைய மகன், பிள்ளைகளுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் கண்டி நகரிலே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினான். அங்கிருந்து அக்குறணைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். மாத்தளை பஸ்ஸில் வழிநெடுகிலும் அதை மடியில் வைத்தே கொண்டுவந்தான். பாட்டென்றால் நான் சொல்லைக் கேட்பவன். அவனோ அடியில் ஓடும் பேஸ் நாதத்தைக் கேட்பவன். இளையராஜாவின் பாடல்களில் குரலுக்குக் கீழே இன்னொரு பாடல் நடந்துகொண்டிருக்கின்றது என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

மூன்றாவது வாரம் சிக்கல் ஆரம்பித்தது. அது மழைக்காலம். பிங்கா ஓயா பெருகினால் எங்கள் கடைவீதிக்குள்ளேயே வெள்ளம் வந்துவிடும் என்பதை அக்குறணையை அறிந்தவர்கள் அறிவர். வீட்டுக்குள் காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் காயாத நாட்கள் அவை. கிட்டாரின் கழுத்து நடுப்பகுதியில் தந்திகள் மேலெழும்பி நின்றன. அழுத்தி அழுத்தி மகனின் விரல்நுனிகள் கன்றிப்போயின. நான் அதை வாங்கி, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. பச்சை மரத்தில் செய்ததைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அன்றிரவே முடிவு கட்டினேன். கடிதம் இரண்டு பக்கம் வந்தது.

படித்துப் பார்த்த மகன், "வாப்பா, அனுப்ப முந்தி தெரிஞ்ச ஒருத்தர்ட்ட காட்டிப் பார்ப்பமே" என்றான்.

கட்டுகஸ்தோட்டையில் தச்சுவேலை செய்யும் ஒரு முதியவரிடம் போனோம். இளமையில் பைலா இசைக்குழுக்களில் வாசித்தவர், இப்போது கிட்டார்களையும் திருத்திக்கொடுப்பவர். நம் நாட்டில் தச்சரைப் 'பாஸ்' என்றே அழைப்போம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. பேஸ் கிட்டாரைப் பார்க்க ஒரு பாஸ் என்று மகன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

பாஸ் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "மாத்தயா, அளந்து பார்த்தீர்களா?"

கண்ணால் பார்த்தேனே என்றேன். அவர் ஒரு விசிட்டிங் கார்ட் கேட்டார். பணப்பையில் என் பழைய பத்திரிகையின் அட்டைகள் சில எஞ்சியிருந்தன. கொடுத்தேன்.

வீணையில் நாம் மெட்டு என்று சொல்வதுபோன்ற உலோகக் கட்டைகள் கிட்டாரின் கழுத்திலும் உண்டு. பாஸ் சுருதியைச் சரிசெய்துவிட்டு, ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். அப்போது இழுபட்ட தந்தியே நேர்கோடு காட்டும் அளவுகோலாகிவிடுகின்றது. ஏழாம் எட்டாம் மெட்டுக்கு மேலே தந்திக்கடியில் உள்ள இடைவெளியே கழுத்தின் வளைவு. ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர், அதாவது ஓர் அட்டை நுழையுமளவு இருந்தால் நல்லது. எங்களுடையதில் மூன்று அட்டைகள் தாராளமாக நுழைந்தன.

எனக்கு வியப்பளித்தது, கொஞ்சம் வளைவு இருந்தேயாக வேண்டும் என்பதுதான். அதிரும் தந்தி நடுவில் அகலமாக ஆடுகின்றது. அதற்கு இடம் வேண்டும். கழுத்து முற்றிலும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருந்தால் தந்தி மெட்டுகளில் உரசி இரையும்.

சாதாரண நான்கு தந்திகளும் சேர்ந்து 70 முதல் 80 கிலோ விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளின் எடை அது. இதைத் தாங்க, கழுத்தினுள்ளே ஓர் உருக்குக் கம்பி மறைந்திருக்கின்றது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1923இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ் முதல் இன்றுவரை பேஸ் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் அதுவே முதுகெலும்பு. தளர்ந்த தந்திகளோடு கடல் கடந்து வரும் புதுக் கழுத்து, முழு இழுவை ஏறிய பின்னர் சில வாரங்கள் அசையும். ஈரக்காற்றிலும் மரம் தன் நிலை மாறும். ஆகவே வளைந்ததெல்லாம் பழுதல்ல என்றார் பாஸ்.

எலன் கீ என்னும் அறுகோணச் சாவியை மாட்டி, வலஞ்சுழியாகக் கால்சுற்று மட்டும் திருகினார். மறுபடி சுருதி சேர்த்தார். "இன்றைக்கு இவ்வளவுதான். நாளை வாருங்கள்" என்றார். மறுநாள் இன்னொரு கால்சுற்று. அதற்கடுத்த நாள் ஓர் அட்டை மட்டும் நுழைந்தது.

திரும்பும் வழியில் மகன் பேசிக்கொண்டே வந்தான். எனக்கோ பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பேக்கரி நினைவில் நின்றது. மலையகச் சிறுநகரொன்றில் பாண் எடை குறைகின்றது என்று ஒருவர் தந்த முறைப்பாட்டை, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளாமல் செய்தியாக்கினேன். முறைப்பாட்டாளரின் தராசுதான் பிழையானது என்பது பின்னரே தெரிந்தது. திருத்தம் உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்தது. அதற்குள் பேக்கரி மூடப்பட்டுவிட்டது. நான் நேரில் போனபோது அம்மனிதர் கோபிக்கவில்லை. "ஒரு தரம் வந்து கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கிட்டார் கடைக்காரரிடமும் நான் போய்க் கேட்டிருக்கவில்லை.

புதிதாக பேஸ் வாங்கிய அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் அளந்து பாருங்கள். இடைவெளி அதிகமானால் கம்பியை இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் இடஞ்சுழியாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால்சுற்றுக்கு மேல் வேண்டாம். சரியான அளவுச் சாவி இல்லாமல் தொடவே வேண்டாம். திருகின் வாய் தேய்ந்தால் பெருஞ்செலவு. தந்தியின் பொதுவான உயரத்தைக் குறைப்பதற்கு இந்தக் கம்பியைத் திருகாதீர்கள். அதற்கு அடிப்பாலத்தில் தனித் திருகுகள் உண்டு. கழுத்து கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, கம்பி முழுவதும் இறுகிய பின்னரும் வளைவு போகாவிட்டாலோ, அது மெய்யான பழுது. தயங்காமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கேளுங்கள். அப்போது உங்கள் கையில் அளவு இருக்கும்.

கடிதத்தை அன்றிரவே கிழித்துப்போட்டேன். என் அட்டைகளில் ஒன்று இப்போது மகனின் கிட்டார் பையில் இருக்கின்றது. மழை தொடங்கும்போதும் ஓயும்போதும் அதை எடுத்துத் தந்திக்கடியில் வைத்துப் பார்க்கின்றான்.