பேன் பார்க்கச் சொன்ன ஆச்சி

பின்னேரங்களில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலர் என் வளவுக்கு வருவார்கள். படிப்பித்தலை விட்டு எத்தனையோ வருசமாகியும் 'சேர்' என்ற பட்டம் என்னை விட்டுப் போகவில்லை. முன்பு இலக்கணம் கேட்டு வந்தார்கள். இப்போது வருகிறவர்கள் கதை எழுதுகிறவர்கள், அதிலும் மாயக்கதை. மந்திரவாதி, பறக்கிற பாம்பு, ஏழு வாசல் கோட்டை என்று கொப்பி நிறைந்திருக்கும். கொப்பியை நீட்டிவிட்டு எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கற்பனை எங்கேயிருந்து வரும்? எழுத எப்படி நேரம் கிடைக்கும்? பத்திரிகை திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? போரில் இவ்வளவு பட்ட ஊரில் இருந்துகொண்டு மந்திரவாதியைப் பற்றி எழுதினால் சனம் ஏசாதா?

நான் நாவலாசிரியன் இல்லை. ஆனால் இதே கேள்விகளுக்குத் தன் கடைசிக் காலத்தில் பொறுமையாக இருந்து பதில் எழுதிய மாயக்கதை நாவலாசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அமெரிக்காவின் உர்சுலா லெ குவின். 1929 இல் பிறந்தவர். 2015 இல், 85 வயதில், நேரே வகுப்பெடுக்க உடம்பில் தெம்பில்லை, ஆனாலும் எழுதிப் பழகுகிறவர்களோடு உள்ள தொடர்பை விட மனமில்லை என்று சொல்லி, கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னார். வந்தவற்றில் தெரிந்தெடுத்துப் பதில் எழுதினார். 2018 சனவரியில் காலமானார். கனடாவிலிருந்து வந்த மருமகளின் மகன் இங்கே விட்டுப்போன புத்தகம் ஒன்றினால்தான் அவர் எனக்கு அறிமுகம். விடுமுறை முடிந்து போகும்போது பெட்டியில் கருவாட்டுக்கு இடம் போதவில்லை, புத்தகம் எனக்கு மிஞ்சியது.

அவருடைய பதில்களுக்குப் போகமுதல் எங்கள் ஊர்ப் பதிலைச் சொல்லவேண்டும். அது அவரை விடப் பழையது.

நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு ஆச்சி வந்தா. பசிக்குது என்றா. பொடியன்கள் புக்கை பொங்கினார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்துங்கோ என்றா. கொளுத்தினார்கள், எரிந்தது. பிறகு, தலை கடிக்குது, ஒருக்கால் பேன் பாருங்கோ என்று குனிந்தா. தலைமயிரை விலக்கினால் அங்கே ஆயிரம் கண். அதோடு ஆச்சியைக் காணவில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் எங்களிடம் வந்த கதை இது. முள்ளியவளையில் பிறந்த எந்தப் பிள்ளையும் பால்குடி மறக்கமுதல் கேட்டிருக்கும்.

இதைக் கட்டியவர் யாரோ, கதைத் தொழில் தெரிந்தவர். தெய்வம் மின்னலோடும் தேரோடும் வரவில்லை, பசியோடு வந்தது. எண்ணெய் இல்லாத கொட்டிலுக்கு வந்தது. மாட்டுக்காரப் பொடியன்களுக்கு விளங்கக்கூடிய வேலையை, புக்கை பொங்குவதையும் பேன் பார்ப்பதையும், அவர்களிடம் கொடுத்தது. ஈரும் பேனும் தேடிப் போன விரலுக்குக் கண்கள் தட்டுப்பட்டபடியால்தான் அந்தக் கண்கள் இன்றைக்கும் எங்கள் முதுகைச் சில்லிட வைக்கின்றன. அற்புதத்துக்கு முன்னால் ஒரு பேன் இருக்கவேண்டும். பிள்ளைகளின் கொப்பிகளில் நான் தேடுவது அந்தப் பேனைத்தான், பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஏழு வாசல் கோட்டை எழுதின பொடியனிடம் கேட்டேன்: "தம்பி, உந்தக் கோட்டைக்குள்ள எத்தினை பேர் இருக்கினம்?" ஆயிரம் பேர் என்றான். "அவைக்கு ஆர் சமைக்கிறது? கிணறு எங்க இருக்கு? கோடையில வத்துமோ?" முழித்தான். அடுத்த கிழமை வந்தபோது கோட்டையில் கிணறு இருந்தது. அந்தக் கிணற்றடியில் வாளிக் கயிறு அறுந்ததால் இரண்டு பெண்களுக்குள் சண்டை. மந்திரவாதி அதைத் தீர்த்துவைக்கத் தெரியாமல் நின்றான். முதல் தடவையாக அவனுடைய மந்திரவாதியை நான் நம்பினேன்.

ஆச்சியின் கதை அவ மறைந்ததோடு முடியவில்லை, அது வருசாவருசம் நடக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் பாக்குத் தெண்டல் என்ற சடங்கு. பிறகு சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பு. அந்தக் கடல் தண்ணீர் எங்கள் காட்டா விநாயகர் கோவிலுக்கு வந்து, அதில் விளக்கு எரியும். ஒரு கிழமைக்குப் பிறகு காட்டா விநாயகரில் பொங்கல், மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பெரிய பொங்கல். எந்த நாள், எந்தக் கரை, எந்த வழி, ஆர் சுமப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. நினைத்த நேரம் நினைத்த தண்ணீரில் எரிகிற விளக்கென்றால் ஆர் பார்க்கப் போவார்கள்?

லெ குவின் 1968 இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலும் இந்த முறையில்தான் நிற்கிறது. தீவுகள் நிறைந்த ஒரு கடலுலகம். அங்கே ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். ஆகையால் மந்திரவாதிகளாக வரவிரும்பும் பொடியன்கள் கோபுரத்துக்குள் அடைந்து கிடந்து பெயர்களைப் பாடமாக்குகிறார்கள். பலித்தாலும் விலை உண்டு. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயக்கூடும். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப்போன கெட் என்ற பொடியன், தானே திறந்துவிட்ட நிழலுக்குப் பயந்து ஓடுவதும் பிறகு அதைத் துரத்துவதும்தான் முழுக்கதை.

கெட் வெள்ளைக்காரப் பிள்ளை இல்லை, மண்ணிறத் தோல்காரன். அட்டைப்படம் வரைந்தவர்கள் அவனை வெள்ளையாக்கிவிட்டார்கள் என்று லெ குவின் நெடுங்காலம் முறைப்பட்டார். அவருக்கு அட்டைக்காரர்களோடு சண்டை. இங்கே எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே தங்கள் நாயகனை வெள்ளையாக்கிப் பனிமலையில் ஏற்றிவிடுகிறார்கள். பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளை, பனியில் குதிரை வழுக்கினதை எழுதுகிறது. பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டுவதும், யானை போன பாதையில் லத்தியில் ஆவி பறந்தால் எவ்வளவு தூரம் எட்ட நிற்கவேண்டும் என்பதும் அதே பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அவை கதைக்கு உதவாத சரக்கு என்று ஆர் சொல்லிக் கொடுத்தது?

குமுழமுனை பக்கத்தில் அரியாத்தை கதை இருக்கிறது. யானை பிடிக்கும் பணிக்கர் குடும்பத்துப் பெண், கொம்பன் யானையைக் கட்டியவள், பொறாமையால் மாண்டவள். அவள் பேரில் ஒப்பாரியே உண்டு. மாயக்கதை அல்ல என்றாலும், தண்ணீரூற்று அ. பாலமனோகரன் எழுதி 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'நிலக்கிளி' எங்கள் தண்ணிமுறிப்புக் காட்டை நாட்டுக்கே காட்டியது. அதை வாசித்தவர்களுக்கு அந்தக் காட்டு வாசனை போகாது. லெ குவினின் தகப்பனார் அல்பிரட் குரோபர் மானிடவியலாளர், கலிபோர்னியப் பழங்குடிகளின் கதைகளைச் சேகரித்தவர். மகள் அவற்றைக் கேட்டு வளர்ந்தார். உங்கள் வீட்டு மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருக்கிற ஆச்சி குரோபருக்கு எந்த வகையிலும் குறைந்தவரல்லர்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்தான் உண்டு. லெ குவினுக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் படுத்த பிறகு இரவில் எழுதினார். திருப்பி அனுப்புவதைப் பற்றி: முப்பது வயது கடந்த பிறகே அவருடைய கதைகள் அச்சேறத் தொடங்கின. 1969 இல் வந்த 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலை முதலில் பார்த்த ஒரு பதிப்பாசிரியர், வாசிக்கவே முடியாது என்ற தோரணையில் கடிதம் எழுதித் தள்ளிவிட்டார். அது பிறகு ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது. அந்தக் கடிதத்தை லெ குவின் எல்லாரும் பார்க்க வைத்தார், எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டு. புதிய எழுத்தாளர் மனம் விடக்கூடாது என்பதற்காகச் செய்தார், பழிவாங்க அல்ல. பெயரை மறைத்ததைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன்.

சனம் ஏசாதா என்ற கடைசிக் கேள்விதான் கடினமானது. வந்து கேட்கிற பிள்ளைகளும் அதைக் குரல் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்.

ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1916 இல், முதலாம் உலகப்போரில், சோம் போர்முனையில் நின்றவர். அகழிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். நெருங்கிய சினேகிதர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் 1918 அளவில் போய்விட்டார்கள். காய்ச்சலில் கிடந்த காலத்தில் அவர் எழுதத் தொடங்கியது போர் நாட்குறிப்பு அல்ல, கொந்தொலின் என்ற மறைந்திருந்த நகரம் விழுந்த கதை. 'த லோர்ட் ஆஃப் த ரிங்ஸ்' அச்சாகி வந்தது 1954, 1955 இல். வாசகர்கள் அதற்குள் இரண்டாம் உலகப்போரைத் தேடினார்கள். அது உருவகம் அல்ல என்று பின்னாளில் முன்னுரையிலேயே மறுத்தார். மறுத்தது சரி. ஆனால் களைத்த இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு சாம்பல் நிலத்தில் நடக்கிற பக்கங்களை எழுத, அப்படி நடந்த ஒருவரால்தான் முடியும்.

2009 இல் எங்கள் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். பகல் வெக்கையில் உள்ளே இருக்கேலாது, இரவில் பிள்ளைகள் நித்திரை கொள்ளமாட்டார்கள். கதை சொல்லு என்று பக்கத்துக் கொட்டில் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு என்னத்தைச் சொல்வது? நடந்ததை அவர்கள் என்னைவிட நன்றாகக் கண்டிருந்தார்கள். ஆச்சி கதையைச் சொன்னேன். எண்ணெய் இல்லை என்ற இடத்தில் ஒரு சின்னப் பெட்டை, "எங்களிட்டையும் இல்லைத்தானே" என்றாள். கடல் தண்ணி எரிந்த இடத்தில் ஒருவரும் கதைக்கவில்லை. பேன் பார்க்கிற இடத்தில் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்கள், முகாமில் பேனுக்குக் குறைவில்லை. கண்டதை மறக்கச் சொல்லி அந்தக் கதை அவர்களைக் கேட்கவில்லை. கண்டதோடேயே இருக்க ஒரு வீட்டைக் கொடுத்தது.

ஆகவே, பிள்ளைகளே, மந்திரவாதியைப் பற்றி எழுதினால் ஊர் ஏசாது. பொய்யாக எழுதினால் ஏசும், அது ஊரின் உரிமை. போரை எழுதவேண்டியவர் எழுதட்டும், அது எழுதப்படத்தான் வேண்டும். உங்களுக்கு வருவது மாயக்கதை என்றால் அதை எழுதுங்கள். ஆனால் உங்கள் மந்திரவாதி எங்கள் வெயிலில் வேர்க்கட்டும், அவனுக்கும் பசிக்கட்டும், அவன் மந்திரத்துக்கு ஒரு முறையும் ஒரு விலையும் இருக்கட்டும்.

இன்னொன்று. என்னிடம் வருகிற கொப்பிகளில் பாதிக்கு மேல் நடுவில் நிற்கிற கதைகள். இனி வரும்போது கேள்வியோடு வராதீர்கள். முடித்த கதையோடு வாருங்கள், பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன்.