வலு குன்றிய வளித்துவக்கு: காரணங்காணல் பற்றிய ஒரு நோக்கு

முற்றாகப் பழுதுபட்ட பொருளைப் பழுதென ஏற்றுக்கொள்வது எவர்க்கும் எளிது. சிறிது சிறிதாகக் குன்றிவரும் பொருளே மனிதனின் அறிவைச் சோதிக்கின்றது. நேற்றுச் செய்த வேலையை அது இன்றுஞ் செய்கின்றது. ஆயின் நேற்றைப்போற் செய்யவில்லை. குறை எங்குளது, எப்போது தொடங்கிற்று என்பன புலப்படுவதில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே, களஞ்சியத்து எலிகளையும் பயிரை மேயும் முயல்களையும் கொல்வதற்கெனப் பலர் வைத்திருக்கும் வளித்துவக்கு இத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். குழலை மடித்து வில்லேற்றும் வகையைச் சேர்ந்த இத்துவக்கு வலுவிழக்கும்போது, அதன் உடைமையாளர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பையே வழங்கிவிடுகின்றார்: "வில் தளர்ந்துவிட்டது." புதிய வில் வாங்கப்படுகின்றது, துவக்குக் கழற்றப்படுகின்றது, பல வேளைகளிற் குறையோ முன்போலவே இருக்கின்றது. இத்தீர்ப்பு ஏன் தவறுகின்றது, செம்மையான தீர்ப்புக்கு இட்டுச்செல்லும் வழி யாது என்பன சிந்திக்கத்தக்கன.

இத்துவக்கின் இயக்கம் எளிமையானது. வெடிமருந்து இதில் இல்லை. பிணைச்சலில் மடியுங் குழலைக் கீழே இழுக்கும்போது, அதனோடு பொருத்தப்பட்ட தண்டொன்று உருளையினுள்ளே இருக்கும் முசலத்தைப் பின்னே தள்ளி, அதன் பின்னுள்ள உருக்குச் சுருள்வில்லை நெருக்குகின்றது. பிஸ்ரன் என வழங்கும் இம்முசலம் பின்னெல்லையிற் கொளுவி நிற்கும். குழலின் அடிவாயில் ஈயச் சன்னம் ஒன்றை வைத்துக் குழலை மூடியபின் விசையை இழுத்தால், வில் விரிந்து முசலத்தை முன்னே எறிகின்றது. உருளையில் அகப்பட்ட வளி நெருங்கிச் சூடேறி, சிறு துவாரமொன்றினூடாகச் சன்னத்தின் பின்புறத்தை அடைந்து அதனை உந்துகின்றது. இவையாவும் ஒரு செக்கனின் நூறிலொரு பங்களவு நேரத்தினுள் நிகழ்ந்து முடிகின்றன. ஆகவே, சன்னத்தைத் தள்ளுவது வளியே. வில் அவ்வளிக்குச் சக்தியை வழங்கும் அளவில் நின்றுவிடுகின்றது. வளி செல்லும் பாதையிலே கசிவு இருக்குமாயின் எத்துணை வலிய வில்லும் பயன்படாது. வில் ஒன்றையே குற்றவாளியாக்குவோர் மறந்துவிடுவது இதனையே.

காரணத்தைத் தேடுமுன், குறை உண்மையில் உளதா என்பது துணியப்படல் வேண்டும். வெடியோசை குறைந்துவிட்டது, சன்னம் இலக்கின் கீழே படுகின்றது என்பன ஐயத்துக்குரிய சாட்சியங்கள். குறிபார்க்கும் உறுப்புச் சற்றே அசைந்திருந்தாலும் சன்னம் கீழே படும். நம்பத்தக்க சாட்சி கதியளக்குங் கருவியே. இரண்டு ஒளியுணரிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சன்னம் கடக்க எடுக்கும் நேரத்திலிருந்து அக்கருவி கதியைக் கணிக்கின்றது. 0.54 கிராம் திணிவுள்ள சன்னமொன்று செக்கனுக்கு 240 மீற்றர் கதியிற் புறப்படுமாயின் அதன் சக்தி ஏறத்தாழ 15.6 யூல். கதி 180 மீற்றராகக் குறையின் சக்தி 8.7 யூலாகிவிடும். அதாவது, கதியிற் காற்பங்கு குறையச் சக்தியில் 44 வீதம் அற்றுப்போகின்றது. சக்தி கதியின் வர்க்கத்தைப் பொறுத்தமைவதே இதற்குக் காரணம். காதுக்கும் கண்ணுக்கும் சிறிதெனத் தோன்றும் மாற்றம் உண்மையிற் சிறிதன்று.

ஒரே வகைச் சன்னத்தைக் கொண்டு பத்துமுறை அளத்தல் நன்று. பத்து அளவீடுகளும் ஒன்றையொன்று ஒட்டித் தாழ்ந்திருப்பின், வில்லின் தளர்ச்சி போன்ற நிலையான ஒரு குறைபாட்டை ஐயுறலாம். அவை ஏறியும் இறங்கியுஞ் சிதறுமாயின், சீல்களின் கசிவோ, மிகையான எண்ணெயோ, சன்னத்தின் பொருத்தமின்மையோ பெரும்பாலும் காரணமாகலாம். இவ்வாறு, துவக்கின் ஓர் ஆணியைத்தானும் கழற்றுமுன்பே ஐயத்தின் எல்லை பாதியாகக் குறுகிவிடுகின்றது.

அடுத்து வருவது புறத்திலிருந்து அகத்துக்குச் செல்லும் ஆய்வு. முதலில் மாற்றிப்பார்க்கத்தக்கது சன்னம். ஒரே விட்டத்தின என விற்கப்படுஞ் சன்னங்களும் நுண்ணளவில் வேறுபடுவன. தளர்வாகப் பொருந்துஞ் சன்னம், அமுக்கம் உச்சத்தை அடையுமுன்னரே நகரத் தொடங்கிவிடும். அதன் ஓரமாக வளியும் கசியும். சன்னப் பெட்டியை மாற்றியதோடு தீர்ந்துபோன நோய்கள் உள. பின்னர் நோக்கவேண்டியது குழலும் உருளையும் சந்திக்கும் மூட்டு. அங்குள்ள வளையம் தேய்ந்தோ வெடித்தோ இருப்பின் வளி வெளியேறும். மெல்லிய கடதாசிக் கீற்றொன்றை அம்மூட்டின்மேல் வைத்து, பாதுகாப்பான இலக்கொன்றை நோக்கிச் சுடும்போது கடதாசி துள்ளுமாயின் கசிவு உறுதி. மிகச் சிறு செலவில் மாற்றத்தக்க அவ்வளையத்தைப் பாராது, உள்ளே இருக்கும் வில்லை வெளியே எடுப்பது வாயிற்கதவு திறந்திருக்கக் கூரையைப் பிரித்துக் கள்வனைத் தேடுவதை ஒக்கும்.

புறத்திற் குறை இல்லையெனத் தெளிந்தபின், கையும் காதும் சாட்சி சொல்லத் தொடங்குகின்றன. குழலை மடிக்க முன்னரிலும் குறைந்த விசையே போதுமானதாயிருப்பின், வில் தளர்ந்திருக்கலாம். துவக்கை நெடுநேரம் வில்லேற்றியபடியே வைத்திருப்பது இத்தளர்ச்சியை விரைவுபடுத்தும். மடிக்கும்போது நறநறவென்ற உராய்வோசை கேட்பின், வில் முறிந்திருத்தல் கூடும். முறிந்த வில்லின் துண்டுகள் ஒன்றினுள் ஒன்று திருகிக்கொண்டு ஓரளவு வலுவைத் தொடர்ந்து வழங்குவதும் உண்டு. ஆதலால், வில் முறிந்த செய்தி பல நாள்கள் மறைந்தே கிடக்கும். இதற்கு மாறாக, மடிக்கும் விசை குறையாதிருக்கச் சன்னத்தின் கதி மட்டுங் குறையின், வில் தன் கடமையைச் செய்கின்றது என்பதே பொருள். அப்போது ஐயம் முசலத்தின் முகப்பிலுள்ள சீலின்மேற் செல்லும். பழைய துவக்குகளில் அது தோலாலானது, உலர்ந்து சுருங்கும். புதியனவற்றிற் செயற்கைப் பொருளாலானது, கிழியும், கருகும். அதனூடு வளி தப்பிவிடின், முசலத்தை ஏந்தித் தாங்கும் வளிமெத்தை இல்லாதொழிய, முசலம் உருளையின் முகப்பில் மோதும். அம்மோதலைத் தோளிலே உணரலாம். சன்னமின்றிச் சுடுவதும் இவ்வகையிலேயே துவக்குக்குக் கேடு விளைவிக்கின்றது. இவ்வளவும் ஆராய்ந்த பின்னரே கழற்றுதல் தகும். அதுவும், அமுங்கியிருக்கும் வில்லைப் பிடித்துக்கொள்ளத்தக்க பற்றுக்கருவியின் துணையோடுதான். கட்டவிழும் வில் கையை முறிக்கவல்லது.

இனி, காரணங்காண்பவரை மிகவும் மயக்கும் பொருள் எண்ணெய். வலுவிழந்த துவக்கினுள் எண்ணெய் விட்டதும் அது உரத்து வெடித்து விரைவாகச் சுடுகின்றது. நோய் தீர்ந்ததென மகிழ்ச்சி பிறக்கின்றது. நெருங்கிய வளியின் வெப்பத்தால் எண்ணெய் எரிந்ததே உண்மையில் நிகழ்ந்தது. கார்டியூ என்னும் தந்தையும் மகனும் பிரித்தானியாவில் வளித்துவக்குகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்களது நூலொன்று 1976இல் வெளிவந்தது. ஒட்சிசன் இல்லாத நைதரசன் வாயுவிலே துவக்கை இயக்கிப்பார்த்தபோது, சன்னத்தின் கதி பெரிதும் வீழ்ந்ததை அவர்கள் கண்டனர். நலமாயுள்ள துவக்கிலுங்கூட வலுவின் ஒரு பகுதி, உயவுப்பொருள் சிறிதளவு எரிவதனாலேயே கிடைக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. எனவே, உற்பத்திக்கால எண்ணெய் எரிந்து தீருமட்டும் புதிய துவக்கொன்று மிகையான கதியைக் காட்டிப் பின்னர்த் தணிவது நோயன்று. தன் இயல்பான நிலையை அது அடைகின்றது. அதனை நோயெனக் கருதி மேலும் எண்ணெய் வார்ப்போர், அளவிறந்த வெடிப்பினால் வில்லையும் சீலையும் கெடுத்து, இல்லாத நோயை உண்டாக்கிவிடுகின்றனர்.

எது நலம் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. ஜேர்மனியிலே, ஐங்கோணத்தினுள் 'எஃப்' எழுத்துப் பொறித்து உரிமமின்றி விற்கப்படும் துவக்குகளின் சக்தி 7.5 யூலுக்கு மேற்படலாகாது. இங்கிலாந்திலோ 1969ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லை 12 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16.3 யூல். ஜேர்மனியச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட துவக்கை ஆங்கிலேய அளவுகோலால் அளப்பவர், பிறந்தபடியே இருக்கும் ஒன்றை நோயாளியென முடிவுகட்டுவார். மறுபுறம், இழந்த வலுவை மீட்கப் புகுந்து மிகை வலிய வில்லைப் பொருத்தும் ஆங்கிலேயர் அந்த எல்லையைக் கடப்பின், சுடுகலன் அனுமதிப்பத்திரமின்றி அதனை வைத்திருத்தல் குற்றமாகும். காரணம் பிழைத்தால் மருந்தும் குற்றமாகிவிடுகின்றது.

இவையாவற்றினும் பாரதூரமானது வேறொன்று. வலுக்குன்றிய துவக்கின் முன்னே நிற்கும் முயல் உடனே சாவதில்லை; காயத்தோடு வேலிக்குள் ஓடி மறைந்து, அங்கே மெல்லச் சாகின்றது. உடைமையாளருக்குத் துவக்கின் குறை ஓர் எரிச்சல். அவ்வுயிருக்கோ நீண்ட வேதனை. ஆதலின், குறையின் காரணம் தெளிந்து துவக்குச் சீர்செய்யப்படும்வரை அதனை உயிரினத்தின்மேற் குறிவையாதிருத்தலே முறை. காரணத்தைப் பொறுமையோடு தேடுதல் இங்கே அறத்தின்பாற்படுகின்றது.

காரணங்காணலின் விதிகள் சிலவே: முதலில் அளத்தல், புறத்திலிருந்து அகத்துக்குச் செல்லுதல், ஒருவேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியபின் மீண்டும் அளத்தல். வில்லையும் சீலையும் ஒருங்கே மாற்றியவரின் துவக்கு நலம்பெறலாம். ஆனால், எது கெட்டிருந்தது என்பதை அவர் ஒருபோதும் அறியார். பேரரசொன்றின் வீழ்ச்சிக்கோ ஓர் இலக்கிய மரபின் தேய்வுக்கோ கண்ணிற்பட்ட முதற் காரணத்தையே முழுக் காரணமாகக் கூறி அமைந்துவிடும் வழக்கம் கலைத்துறை ஆய்விலும் இல்லாமலில்லை. அங்கே தவறான முடிபு நூலாகி நெடுங்காலம் நிலைத்துவிடும். துவக்கின் உடைமையாளருக்கோ ஒரு வாய்ப்புண்டு: கதியளக்குங் கருவியின்முன் இன்னொரு சன்னத்தைச் சுட்டுப்பார்த்தால், தம் முடிபு சரியா பிழையா என்பதை அவர் அக்கணமே அறிந்துகொள்வார்.