இரண்டாவது வேட்டி

பிரயாணம் என்றால் எனக்குப் பயமில்லை. பெட்டி கட்டுவதுதான் பயம். இரண்டு நாள் திருச்சிக்குப் போய்வர நான் எடுத்துவைக்கும் சாமான்களைப் பார்த்தால், வீடு மாற்றுகிறேன் என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள். ஆறு சட்டை, நாலு வேட்டி, மழை வந்தால் குடை, குளிர்ந்தால் சால்வை, தூக்கம் வராவிட்டால் படிக்க மூன்று புத்தகங்கள், அவை பிடிக்காவிட்டால் நாலாவதாக ஒன்று. ஒரு கயிறும் உண்டு.

"கயிறு எதுக்குங்க?" என்பாள் என் மனைவி.

"எதற்கும் இருக்கட்டும்" என்பேன். அந்த 'எதற்கும்' என்ற வார்த்தைதான் என் பெட்டியில் பாதிக் கனம்.

ரயிலில் படுக்கை வகுப்புப் பிரயாணி 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். மற்றவர்களுக்கு அது சலுகை. நானோ அதை ஒரு கடமையாகவே நிறைவேற்றி வந்திருக்கிறேன்.

தெற்கே போகும்போது வண்டி மதுரையில் நின்றால் மட்டும் சற்று வெட்கமாக இருக்கும். 1921 செப்டம்பர் 22-ந் தேதி அந்த ஊர் மேலமாசி வீதியில்தான் காந்தி மற்ற உடைகளை விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். நானோ நாலு வேட்டிகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எவனாவது தூக்கிப்போய்விடுவானோ என்று விழித்துக் கிடப்பேன்.

ஒரே ஒரு தடவை நானும் இலேசாகப் பிரயாணம் செய்தேன். திருநெல்வேலியில் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று செய்தி வந்த அன்று. ஒரு வேட்டியைப் பையில் வைத்தேன். இரண்டாவதை எடுத்தபோது கை தயங்கியது. இதை வைத்தால் பல நாள் தங்கப்போகிறேன் என்று ஆகும். பல நாள் எதற்காகத் தங்கவேண்டி வரும்? அதற்குமேல் நினைக்கத் தைரியமில்லை. வேட்டியை அலமாரியிலேயே திரும்ப வைத்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது என்னை அல்ல, என் பையை.

"என்னலே, ஒத்தப் பையோட வந்திருக்கே? நாளைக்கே கிளம்பிருவியோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளுடைய சாவுக்குப் பயந்து இலேசாக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவள் கண்ணுக்கு அது, தம்பி அவசரத்தில் இருக்கிறான் என்று பட்டது. ஒன்பது நாள், அத்தானின் வேட்டிகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். பத்தாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள்.

இப்போது மற்ற ஊர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளப் பழகிவருகிறேன். கயிற்றைக்கூட விட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்கு மட்டும் பெரிய பெட்டிதான். பாதித் துணி மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அதனால் என்ன? வாசலில் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்வதற்கு 40 கிலோ ஒரு கனமா!