'இல்லை' என்று கம்ப்யூட்டர் சொன்னால்...

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே திருவண்ணாமலைக் கடைத்தெருவில் மூச்சுவிட நேரம் இருக்காது. அகல், நெய், திரி, கற்பூரம் என்று சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியொரு நாளில், மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடும் கம்ப்யூட்டர் 'டேபிள் இல்லை' என்று திரையில் காட்டிவிட்டு நின்றுபோனால்?

முதல் கேள்வி கம்ப்யூட்டரிடம் போகாது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம்தான் போகும். "ஏம்மா, எதை அமுக்கின?"

பெரும்பாலும் அவள் எதையும் அமுக்கியிருக்க மாட்டாள். ஆனால், அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். ஐந்தாறு வருடக் கணக்கும் தன்னால்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

உண்மையில் நடப்பது என்ன? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, விற்பனைக்கு ஒரு நோட்டு, கடனுக்கு ஒரு நோட்டு, சரக்கு இருப்புக்கு ஒரு நோட்டு என்று கடைகளில் வைத்திருந்தார்கள். டேபிள் என்பது அப்படி ஒரு நோட்டு. டேட்டாபேஸ் என்பது அந்த நோட்டுகளை அடுக்கிய அலமாரி. 'டேபிள் இல்லை' என்றால், 'நான் தேடிய இடத்தில் அந்த நோட்டைக் காணவில்லை' என்று அர்த்தம். தொலைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சில நேரம் அலமாரியே மாறிப்போயிருக்கும். பழகிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் டேட்டாபேஸில் நுழைந்துவிட்டு, நிஜக் கணக்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சில நேரம் பெயர்தான் வில்லன். விண்டோஸில் ஓடிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை லினக்ஸ் சர்வருக்கு மாற்றினால், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகிவிடும். நேற்றுவரை கிடைத்த டேபிள் இன்று கிடைக்காது. அது அங்கேயேதான் இருக்கும்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்யும். டேபிள் இருக்கும், பார்க்கத்தான் உங்களுக்கு அனுமதி இருக்காது. அப்போதும் 'ஓஆர்ஏ-00942' என்ற எண்ணைப் போட்டு, 'அப்படி ஒரு டேபிளே இல்லை' என்றுதான் சொல்லும். விருந்தாளியைப் பார்க்க விருப்பமில்லாத வீட்டுக்காரர், "வீட்டில் இல்லை" என்று சொல்லி அனுப்புவாரே, அது மாதிரி.

அப்டேட் பாதியில் நின்றாலும் இதே கதைதான். மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக சாஃப்ட்வேரில், புது புரோகிராம் வந்ததும் அதற்கேற்ற டேபிள்களை உருவாக்க 'பெஞ்ச் மைக்ரேட்' என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால், இன்னும் பிறக்காத டேபிளை சாஃப்ட்வேர் தேடிக்கொண்டிருக்கும்.

ஆக, இத்தனை காரணங்களில் ஒன்றில்கூடக் கணக்கு அழியவில்லை. கணக்கை அழிப்பது, அதற்குப் பிறகு வரும் பதற்றம்தான். அவசரத்தில் பழைய பேக்கப்பை எடுத்து மேலே ஏற்றினால், அந்த பேக்கப்புக்குப் பின் போட்ட பில் எல்லாம் போய்விடும்.

அதைவிட மோசமானது, அதே பெயரில் காலி டேபிள் ஒன்றைச் செய்து வைத்துவிடுவது. திரையில் பிழை மறைந்துவிடும். எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். ஆனால், கடன் வைத்தவர் பாக்கி எல்லாம் சைபர் என்று காட்டும்.

சிவனின் முடியைக் காணாமலேயே 'கண்டேன்' என்று பிரம்மா சொன்னதும், அதற்குத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னதும் இந்த மலையின் கதை. சிவபூஜையில் தாழம்பூவைச் சேர்க்காததற்கு அதுதான் காரணம் என்பார்கள். காலி டேபிளும் ஒரு பொய்ச்சாட்சிதான்.

உண்மையிலேயே அழிந்துபோவதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார் ஓர் இன்ஜினீயர். ஐந்து விதப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு பதிவானவை போயே போய்விட்டன. ஆனாலும் அந்த நிறுவனம் பழியை ஒருவர் தலையில் கட்டவில்லை. எங்கெங்கே ஓட்டை இருந்தது என்று எல்லோரும் படிக்கும்படி எழுதி வெளியிட்டது.

கடைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான். 'டேபிள் இல்லை' என்று வந்தால், முதலில் திரையை மொபைலில் போட்டோ எடுங்கள். நேரத்தையும், கடைசியாக என்ன மாற்றினார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். இப்போது இருக்கும் நிலையையே ஒரு பேக்கப் எடுத்த பிறகு, சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிடுங்கள். பழைய பேக்கப்பைத் திறக்க வேண்டுமென்றால், தனி இடத்தில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை பில்லைக் கையால் எழுதலாம், வியாபாரம் நிற்காது.

"எதை அமுக்கின?" என்று கேட்பதற்குப் பதில், "திரையில என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டால் போதும். பயப்படாத பெண் நடந்ததை அப்படியே சொல்லுவாள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று: பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்குத் தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை. மாதாமாதம் கிரிவலக் கூட்டம் கலைந்து ஊர் ஓய்வெடுக்கும் பௌர்ணமி மறுநாளே நல்ல நாள்தான்.