கடல் கடக்குமுன் ஒரு கணக்கு

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நண்பர்கள் விமானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கோ கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் முதுகலை பயில வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமோ, 2017 முதல் நம்மைப் போன்ற அயல்நாட்டாரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லையென்றாலும் செலவு உண்டு. விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவை 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டலாம். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது; பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். நம் பணமே ஆனாலும், மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் 2022 நவம்பர் முதல் கட்டாயமாயிற்று.

வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. தங்கையின் படிப்பும் அந்த வீட்டை நம்பித்தானே இருக்கிறது! ஆகவே ஈராண்டு வேலை பார்த்துச் சேமிப்பது, மாலையில் ஜெர்மன் கற்பது, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என முடிவு செய்துள்ளேன்.

இளைய நண்பர்களே! ஆசை இருந்தால், கணக்கு நோட்டை முதலாண்டிலேயே திறந்துவிடுங்கள்.