நாடா கட்டிய வழி

ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வருவது எங்கள் குடும்பத்து வழக்கம். மேட்டூர், பாலாறு வழியாக வரும் தமிழ்மக்களும், மைசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கன்னட மக்களும் ‘உகே மாதப்பா’ என்று ஒரே குரலில் முழங்கும் மலை அது. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் அடங்கியது. எல்லைக் கோடுகள் இடம் மாறின. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

சென்ற முறை மூன்று தலைமுறையாகச் சென்றோம். என் தந்தையாருக்கு எழுபத்தேழு வயது, எனக்கு நாற்பத்தைந்து, என் மகனுக்குப் பதினேழு. தாளபெட்டாவிலிருந்து நடந்தே ஏறவேண்டும் என்று மகன் பிடிவாதம் செய்தான். அப்பாவுக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஆயினும் “சிறிது தூரம் நடந்து பார்க்கிறேன்” என்று கோலை ஊன்றிப் புறப்பட்டார். அந்தச் சிறிது தூரத்தில் நிகழ்ந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம்.

என் மகன் படையில் சேர விரும்புகின்றான். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுப் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவன் கருத்து. அவன் அறையின் சுவரில் இரண்டு படங்கள் உள்ளன. ஒன்று, கிரிக்கெட் வீரர் தோனி படைச்சீருடையில் நிற்கும் படம். மற்றொன்று, 2024இல் வெளிவந்த ‘அமரன்’ திரைப்படத்தின் சுவரொட்டி.

இவ்விரண்டையும் நான் எளிதாக எண்ணவில்லை. தோனிக்கு 2011இல் பிரதேசப் படையில் மதிப்புறு லெப்டினண்ட் கர்னல் பதவி அளிக்கப்பட்டது. அதை மார்பில் குத்திக்கொள்ளும் அணிகலனாக மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. 2015இல் ஆக்ராவில் பயிற்சி பெற்று விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்தார்; 2019இல் இரண்டு வாரம் காஷ்மீரில் தம் படைப்பிரிவோடு தங்கிக் காவற்பணி செய்தார். மலையாள நடிகர் மோகன்லாலுக்கும் 2009இல் இத்தகைய பதவி கிடைத்தது. ‘அமரன்’ படத்தில் சிவகார்த்திகேயன் ஏற்று நடித்த மேஜர் முகுந்த் வரதராஜனோ, 2014 ஏப்ரலில் காஷ்மீரத்துச் சோபியான் பகுதியில் உண்மையாகவே உயிர் நீத்தவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அசோக சக்கரம் அவர் மறைந்த பின்னரே வந்தது. நடித்தவரின் முகமே நம் பிள்ளைகளின் நினைவில் நிற்கின்றது. மாண்டவரின் முகம் அதன்பின் சற்றே மங்கித் தெரிகின்றது. இது நடிகரின் குற்றமன்று. நம் கண்களின் பழக்கம்.

இப்பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் திரையில் போர்வீரன் என்றால் இவரே என்று பெயர் பெற்ற ஜான் வேய்ன், இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றியவர் அல்லர். மெல்லிய குரலும் தயங்கிய பேச்சும் கொண்ட ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோ, குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் பலமுறை எதிரிநாட்டின்மேல் பறந்து திரும்பியவர். ஆடி மர்ஃபி என்னும் இளைஞர் உருவத்தில் சிறியவர் என்று கடற்படைக் காலாட்பிரிவினர் ஏற்க மறுத்தனர். அவர்தாம் பின்னாளில் அப்போரில் மிகுதியான விருதுகள் பெற்ற வீரர்களுள் ஒருவரானார். 1955இல் தம் கதையில் தாமே நடித்தார். ஆனால், போர் முடிந்து நெடுங்காலம் ஆகியும் அவருக்கு நல்ல உறக்கம் வரவில்லை. தலையணையின்கீழ்க் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு படுத்தார். அந்த உறக்கமின்மையை நாம் வீரத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை.

மகனைக் குறை கூற எனக்குத் தகுதி உண்டா என்று எண்ணிப் பார்க்கின்றேன். அவன் வயதுக்கும் சற்றுக் குறைந்த வயதில் என் பள்ளிக் குறிப்பேட்டின் அட்டையில் ஒட்டியிருந்த படம் ‘ராம்போ’. தோள்தசை புடைக்க, இயந்திரத் துப்பாக்கியை ஒற்றைக் கையில் ஏந்தி நின்றார் சில்வெஸ்டர் ஸ்டாலோன். அவரும் படையில் சேவை செய்தவர் அல்லர் என்பது பின்னாளில் அறிந்த செய்தி. அன்று அது எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அந்நாளில் நாங்கள் கொள்ளேகாலில் இருந்தோம். அப்பா படையிலிருந்து ஓய்வு பெற்று ஓர் அலுவலகத்தில் இரவுக் காவலாளியாக இருந்தார். மெலிந்த உடம்பு, குனிந்த நடை, தரையைப் பார்த்தே நடப்பார். ‘உன் அப்பா மிலிட்டரியா? நம்பவே முடியவில்லையே!’ என்று தோழர்கள் நகைப்பார்கள். அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் இருந்தவர். 1780ஆம் ஆண்டிலிருந்து வரும் பழம்பெரும் படை அது. அதன் வீரர்களை நாடு முழுவதும் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். பாலம் அமைப்பதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் தொழில். எனக்கோ, துப்பாக்கி ஏந்திப் பாயாதவர் போர்வீரரே அல்லர்.

1993 ஏப்ரல் 9ஆம் நாள், மாதேஸ்வரன் மலைக்கு அருகே பாலாற்றுப் பகுதியில் வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடிகள் வெடித்து, காவலரும் வனக்காவலரும் உளவு சொல்ல உடன்சென்றவர்களுமாக இருபத்திரண்டு பேர் மாண்டனர். அக்குழுவை நடத்திச் சென்ற தமிழ்நாட்டுக் காவல்துறை அதிகாரி கோபாலகிருஷ்ணன் படுகாயமுற்று உயிர் தப்பினார். மக்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ராம்போ’! என் குறிப்பேட்டுப் படத்தின் பெயரே ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவருடைய துணிவு மெய்யானது; அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், மண்ணுக்குள் இருக்கும் வெடி மேலே வருபவரின் தோள்வலியைப் பார்ப்பதில்லை. அப்பட்டப்பெயர் இன்றும் பலருக்கு நினைவிருக்கின்றது. மாண்ட இருபத்திருவரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

அன்றிரவு அப்பா உணவு கொள்ளவில்லை. “ரோட்டைப் பார்த்தாங்களா?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார். பதின்மூன்று வயதுச் சிறுவனாகிய நான் சினங்கொண்டு சொன்னேன்: “நீங்க போயிருந்தா மண்ணைக் குடைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. அவங்க பயப்படாம போனாங்க.”

அவர் மறுமொழி சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

இப்போது மலைப்பாதையில் ஒரு பாறைமேல் அமர்ந்தோம். மகன் கேட்டான்: “தாத்தா, நீங்க சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?”

“ஒருத்தரையும் சுடலை, கண்ணு.”

அவன் முகம் வாடியது. அந்த வாட்டம் எனக்குப் பழக்கமானது. அப்பாவும் அதைக் கண்டிருப்பார். என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவனிடம் சொல்லத் தொடங்கினார்.

1971 டிசம்பர். மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதி. அப்பாவுக்கு இருபத்துமூன்று வயது. எதிரிகள் புதைத்த கண்ணிவெடிகளுக்கு நடுவே நம் டாங்குகள் செல்லப் பாதை வேண்டும். கடுங்குளிர் இரவு, விளக்கு ஏற்றக்கூடாது, தலைக்குமேல் பீரங்கிக் குண்டுகள். முழந்தாளிட்டும் குப்புறப் படுத்தும், கூரிய கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்துக் குத்தினால் அதன் விலாவில் தட்டும். வெடியில்லை என்று தெளிந்த இடத்தின் ஓரமாக வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போகவேண்டும்.

“பக்கத்துல இருந்தவன் காலு போச்சு. அவனைத் தூக்கிட்டுப் போனாங்க. அவன் விட்ட எடத்துல இருந்து நான் குத்த ஆரம்பிச்சேன்.”

“அப்புறம் தாத்தா?”

“விடியறதுக்குள்ள நாடா கட்டின வழியில டாங்கு போச்சு. ஒண்ணும் வெடிக்கலை. அவ்வளவுதான் கண்ணு.”

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எதுவும் வெடிக்காமற் போவதே அவருடைய வெற்றி. எதுவும் நிகழாத ஒன்றை யார் படமெடுப்பார்கள்? யார் சுவரில் ஒட்டுவார்கள்?

வீரத்தைத் தொல்காப்பியர் ‘பெருமிதம்’ என்னும் மெய்ப்பாட்டில் அடக்கினார். அது பிறக்கும் நிலைகள் நான்கு. அஞ்சாமையாகிய தறுகண் அவற்றுள் ஒன்றே. கல்வியும் அவ்வரிசையில் இடம் பெறுகின்றது. கம்பியைச் சாய்த்துக் குத்தும் அறிவு கல்வியன்றோ? நாம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிட்டோம்.

கன்னட நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2000 ஜூலை 30ஆம் நாள் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் காஜனூரிலிருந்து கடத்திச் சென்றபோது, அவர் மீளும்வரை நம் குடும்பங்கள் எவ்வளவு அஞ்சியிருந்தன! திரையில் எத்தனையோ பகைவரை வீழ்த்தியவர், எழுபது வயது கடந்த நிலையில் 108 நாள் காட்டில் நடந்தும் படுத்தும் பொறுத்திருந்து, நவம்பர் 15ஆம் நாள் விடுதலை பெற்றார். அவர் அங்கே யாரையும் அடித்து வீழ்த்தவில்லை. பொறுத்திருந்தார், அதனால் நாம் பிழைத்தோம்.

“பயமா இருந்துச்சா தாத்தா?” என்றான் மகன்.

“இல்லாம? பயம் வரும். கை நடுங்கக்கூடாது. அதுக்குத்தான் பயிற்சி.” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “போறதுன்னா போ. படத்தைப் பார்த்துட்டுப் போறேன்னா வேணாம்.”

மகன் பதில் சொல்லவில்லை. எழுந்து தாத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குமேல் அவரால் ஏற இயலாது என்று கண்டு, மூவரும் இறங்கிவந்து பேருந்தில் மலைக்குச் சென்றோம்.

சந்நிதியில் வரிசையில் நிற்கையில் பழைய சொல்லை எடுத்தேன். “அப்பா, பாலாறு வெடிச்ச அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்…”

“எனக்கு ஞாபகமில்லைப்பா. வரிசை நகருது பார்” என்றார். அவர் எதையும் மறப்பவரல்லர்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் விண்ணப்பத்தில் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அத்தாள் என் மேசைமேல் இருக்கின்றது. இருபதாண்டு எழுத்தர் பணியில் எத்தனையோ தாள்களில் தயங்காது கையெழுத்திட்டவன் நான். இதில் மட்டும் இன்னும் இடவில்லை. மகன் மறுபடியும் கேட்கவுமில்லை. தோனியின் படம் சுவரில் அப்படியே இருக்கின்றது. அதன் பக்கத்தில் சீருடையணிந்த, மெலிந்த ‘தம்பி’ ஒருவரின் மங்கிய பழம்படம் புதிதாக மாட்டப்பட்டிருக்கின்றது.

கையெழுத்திடத்தான் போகின்றேன். கை நடுங்காமல் இடவேண்டும் என்பதற்காகவே காத்திருக்கின்றேன்.